கொதிக்கும் தண்ணீர் மேலும் சூடாகுமா? திட, திரவ, வாயு நிலைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"திடப்பொருளில் துகள்கள் அசையாது" என்று தேர்வில் எழுதாத மாணவர்கள் குறைவு. அது தவறு. ஐஸ் கட்டியிலும் இரும்புக் கம்பியிலும் துகள்கள் இடம் மாறுவதில்லை, அவ்வளவுதான். இருந்த இடத்திலேயே ஓயாமல் அதிர்கின்றன. சூடேற ஏற அதிர்வு கூடும். இதற்குக் கீழே போகவே முடியாத மைனஸ் 273.15 டிகிரி செல்சியஸை நெருங்கினாலும் அது முழுதாக நிற்பதில்லை.

இரும்பு சூட்டில் நீள்வதைப் பார்த்து, துகளே பருத்துவிட்டது என்று எழுதுவதும் உண்டு. துகளின் அளவு மாறுவதில்லை; அதிர்வு கூடுவதால் சராசரி இடைவெளிதான் கூடுகிறது. அந்த இடைவெளியில் காற்று இருக்கிறது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். காற்றும் துகள்களால் ஆனதுதானே? அங்கே எதுவுமே இல்லை.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் தவறு, வெப்பத்தையும் வெப்பநிலையையும் ஒன்றாக நினைப்பது. அடுப்பு எரிந்துகொண்டே இருந்தால் சூடும் ஏறிக்கொண்டே போகும் என்று நம்புகிறோம். திறந்த பாத்திரத்தில் கொதிக்கும் தண்ணீரில் வெப்பமானியை வைத்துப் பாருங்கள். கடல்மட்டத்தை ஒட்டிய ஊர் என்றால் 100 டிகிரிக்கு வந்ததும் அப்படியே நிற்கும். தீயைக் கூட்டினாலும் நகராது. 1 கிராம் தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 420 ஜூல் போதும். அதே 1 கிராமை ஆவியாக்க ஏறத்தாழ 2,260 ஜூல் வேண்டும். ஐந்து மடங்குக்கும் மேல்! இவ்வளவு ஆற்றலும் மூலக்கூறுகளின் வேகத்தைக் கூட்டப் போகவில்லை. ஒன்றையொன்று பிடித்திருக்கும் ஈர்ப்பிலிருந்து அவற்றைப் பிரித்தெடுக்கவே செலவாகிறது. இதுதான் உள்ளுறை வெப்பம். 1760களில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் ஜோசப் பிளாக் என்ற விஞ்ஞானி இதை அளந்து காட்டினார்.

ஆகவே, திறந்த பாத்திரத்தில் பருப்பு கொதித்த பிறகும் தீயைக் கூட்டி வைத்தால் தண்ணீர்தான் சீக்கிரம் வற்றும். பருப்பு சீக்கிரம் வேகாது. குக்கரில் அழுத்தம் கூடுவதால் கொதிநிலையே சுமார் 120 டிகிரிக்கு உயர்கிறது. ஊட்டியின் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. அங்கே ஏறத்தாழ 93 டிகிரியிலேயே தண்ணீர் கொதித்துவிடும். "தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும்" என்று எழுதும்போது எந்த அழுத்தத்தில் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

கொதிநீரில் எழும் பெரிய குமிழிகளில் இருப்பது ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் அல்ல, நீராவி. மூலக்கூறுகள்தான் விலகுகின்றன, மூலக்கூறு உடைவதில்லை. கொதிப்பதற்கு முன் பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் சின்னக் குமிழிகள் மட்டும் தண்ணீரில் கரைந்திருந்த காற்று. கெட்டிலின் மூக்கை உற்றுப் பாருங்கள். வாயருகே சிறிது தூரம் எதுவும் தெரியாது. நீராவி இருப்பது அங்கேதான். அதைத் தாண்டி வெள்ளையாகத் தெரிவது குளிர்ந்துபோன நுண்ணிய நீர்த்துளிகள்.

கொதித்தால்தான் ஆவியாகும் என்றால் கொடியில் போட்ட துணி எப்படிக் காய்கிறது? ஒரே வெப்பநிலையில் எல்லா மூலக்கூறுகளும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. மேற்பரப்பில் இருக்கும் வேகமானவை தப்பிப் போகின்றன. மிஞ்சியவற்றின் சராசரி ஆற்றல் குறைய, தண்ணீர் குளிர்கிறது. மண்பானை வேலை செய்வது இப்படித்தான். காற்றில் ஏற்கெனவே ஈரப்பதம் மிகுந்திருந்தால், வெளியேறும் மூலக்கூறுகளுக்கு ஈடாகப் பலவும் திரும்பி வந்துவிடுகின்றன. அதனால்தான் சென்னையின் புழுக்கமான நாள்களில் பானைத் தண்ணீர் அவ்வளவாகச் சில்லிடுவதில்லை.