மீன் பெட்டியில் ஓர் இளஞ்சூட்டு நாற்றங்கால்

குமரி மாவட்டத்தில் நாற்றுக்குச் சூடு காட்ட வேண்டும் என்றால் நாகர்கோவில்காரர்கள் சிரிப்பார்கள். சமவெளியைப் பொறுத்தவரை அந்தச் சிரிப்பு நியாயமானதே. மாறாமலை, பாலமோர் போன்ற மேட்டுப் பகுதிகளில் கிராம்பு விதை போட்டவர்கள் சிரிக்க மாட்டார்கள். தாழ்வான இடங்களில் 10 முதல் 15 நாளில் முளைவிடத் தொடங்கும் கிராம்பு, குளிர்ந்த உயரங்களில் 60 நாள் வரை இழுத்தடிப்பதுண்டு. பழம் பழுப்பதும் பெரும்பாலும் மழைக்காலத்தில் என்பதால், அத்தனை நாளும் விதை ஈர மண்ணில் கிடந்து அழுகலுக்கு இடம் கொடுக்கிறது. வெயில் திரும்பும்வரை விதையை எடுத்து வைக்கலாம் என்றால், உலர்ந்தால் உயிர்போய்விடும் விதை அது. ஆகவே காலத்தை மாற்ற முடியாத நாம், விதைக்கு அடியில் இருக்கும் சூட்டை மாற்றுகிறோம்.

இதற்குக் குளச்சலிலும் தேங்காப்பட்டணத்திலும் மீன் கொண்டுபோகப் பயன்படும் தெர்மகோல் பெட்டியே போதும். உட்புறம் சுமார் 60 செ.மீ. நீளமும் 40 செ.மீ. அகலமும் 25 செ.மீ.க்குக் குறையாத ஆழமும் உள்ளதாகப் பார்த்து வாங்கி, பிளீச்சிங் பவுடர் கரைசலால் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காய வையுங்கள். மீன் வாடை முழுவதும் போகாது, செடிக்கு அதனால் கேடும் இல்லை. ஐஸ் தண்ணீர் வடிவதற்காகச் சில பெட்டிகளின் அடியில் துளை இருக்கும் என்பதால், கிழியாத தடித்த பாலிதீன் தாளை உள்ளே விரித்துவிடுவது நல்லது.

சமதரையில் பெட்டியை வைத்து, நான்கு செங்கற்களைப் பக்கவாட்டில், ஏறத்தாழ 11 செ.மீ. உயரம் வரும்படி நிறுத்துங்கள். மீன் தொட்டிக்கு விற்கும் 100 வாட் கண்ணாடி ஹீட்டர் ஒன்றை, தாளையோ தெர்மகோலையோ தொடாதபடி செங்கற்களுக்கு நடுவே படுக்கவைத்துப் பொருத்திய பின், 13 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். செங்கல்லின் மேல் துளையில்லாத பிளாஸ்டிக் தட்டு ஒன்றை அமர்த்தினால் அதன் அடி இரண்டு செ.மீ. தண்ணீரில் நனைந்து நிற்கும். சூடு தட்டுக்கு ஏறுவது அந்தத் தொடுதலால்தான். தட்டில் இரண்டு விரற்கடை ஈரமணலைப் பரப்பி, அதன் மேல் துளையுள்ள பைகளையோ குழித்தட்டையோ வையுங்கள். செங்கற்கள் அடைக்கும் இடம் போக, இந்த அளவுத் தண்ணீர் சுமார் 24 லிட்டர். அதை 5 டிகிரி உயர்த்த 100 வாட் ஹீட்டருக்குச் சுமார் ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். மெதுவாக ஏறும் சூடு மெதுவாகவே இறங்கும் என்பதால், மின்தடை வந்தாலும் பாத்தி உடனே ஆறிவிடாது. பெட்டிக்கு அடியில் குண்டு பல்பு எரிப்பதைவிட இந்த முறையை நான் விரும்புவதற்கு அதுவே காரணம்.

தண்ணீரும் மின்சாரமும் ஒரே பெட்டியில் இருப்பதால், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாத இணைப்பில் இதைச் செருகவே கூடாது. வயரைப் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கவிட்டால், வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். நீர்மட்டத்துக்குப் பேனாவால் கோடு போட்டுத் தினமும் பாருங்கள். முதல் வருடம் நான் பார்க்கவில்லை. வற்றிய தண்ணீருக்கு மேல் ஹீட்டரின் பாதி நீட்டிக்கொண்டிருக்க, அதன் மீது ஒரு குடம் பச்சைத்தண்ணீரை ஊற்றினேன். ‘டிக்’ என்ற ஒரு சத்தம், கண்ணாடி நெடுக ஒரு கீறல், அதே நொடியில் ஆர்.சி.சி.பி.யும் விழுந்தது. பிளக்கைப் பிடுங்கிக் கால் மணி நேரம் ஆறிய பிறகே தண்ணீர் சேர்க்க வேண்டும்.

ஹீட்டரில் சூட்டின் அளவை வைக்கும் திருகை 28 டிகிரியில் வைத்து ஓர் இரவு ஓடவிடுங்கள். அளக்க வேண்டியது விதை கிடக்கும் ஆழத்து மண்ணின் சூட்டையே. அது 25 முதல் 27 டிகிரிக்குள் நிற்கும்வரை திருகைக் கூட்டிக் குறையுங்கள். வீட்டிலுள்ள காய்ச்சல் பார்க்கும் பாதரசத் தெர்மாமீட்டர் 35க்குக் கீழே காட்டாது; மீன் தொட்டிக்கு விற்பதையே வாங்குங்கள்.

நிரப்பும் கலவைக்குத் தென்னை நார்த்தூளும் மணலும் சம அளவு போதும். புதிய நார்த்தூளில் உப்பு இருக்கும். மூன்று முறையாவது நல்ல தண்ணீரில் அலசிப் பிழியுங்கள். கிராம்புப் பழத்தை இரவு ஊறவைத்து, காலையில் தோலைக் கையால் உரித்து, அன்றே இரண்டு செ.மீ. ஆழத்தில் விதையுங்கள். இதே பெட்டியில் நல்லமிளகு (குறுமிளகு) வளர்க்க, தரையில் ஓடும் அதன் கொடியை இரண்டு மூன்று கணுக்கள் கொண்ட துண்டுகளாக வெட்டி, காம்பை விட்டு இலையை மட்டும் நறுக்கி, ஒரு கணுவாவது மண்ணுக்குள் போகும்படி ஊன்றுங்கள்.

மேலே கம்பி வளைத்துப் பாலிதீன் போர்த்தி, நிழல்வலைக்குக் கீழே வையுங்கள். கீழே சூடும் மேலே குளிர்ச்சியும் இருந்தால்தான் தளிருக்கு முன் வேர் ஓடும். ஆகவே வெயில் அடிக்கும் நண்பகலில் தாளைத் தூக்கிவிட வேண்டும். அடியில் சூடு இருப்பதால் கலவை கீழிருந்தே உலரும். மேற்பரப்பை நம்பாமல் விரலை விட்டுப் பாருங்கள். ஓடைத் தண்ணீரை அப்படியே ஊற்றாமல், வீட்டுக்குள் ஒரு பகல் வைத்திருந்த தண்ணீரை ஊற்றுங்கள். முளை மண்ணைக் கீறி எழுந்ததும், கொடியை மெல்ல இழுத்தால் அது பிடித்து நிற்கும்போதும், திருகை நாளுக்கு ஒரு டிகிரி வீதம் இறக்கி, வெளிச்சூட்டுக்குச் சமமானதும் பைகளை நிழலுக்கு மாற்றிவிட்டு அடுத்த தவணைக்குத் தட்டைக் கழுவி வையுங்கள்.