பிளாக்ஸ்கேடில் கோலப்புள்ளித் தட்டு: 37 ஓட்டை, இரண்டே லூப்

ஆந்திர எல்லையில் நகரி, புத்தூர் பக்கம் மார்கழி பிறந்தால் ஒரு வாசலில் கோலம், பக்கத்து வாசலில் முக்கு (கோலத்துக்குத் தெலுங்குப் பெயர்). எதுவாக இருந்தாலும் புள்ளியில்தான் ஆரம்பம். தட்டைத் தரையில் வைத்து, மாவைப் பரப்பி வழித்து, அப்படியே தூக்கினால் 37 புள்ளியும் விழுந்திருக்க வேண்டும். 3டி பிரிண்டரில் அச்சிட அந்தத் தட்டைத்தான் இங்கே வரையப்போகிறோம். குறுக்களவு 110 மி.மீ., கனம் 2 மி.மீ. நடுவில் ஒரு ஓட்டை, சுற்றிலும் 6, 12, 18 என்று மூன்று வளையம்.

இதற்குப் பிளாக்ஸ்கேட் போதும்: கட்டளைப் பிளாக்குகளை ஒன்றுக்குள் ஒன்றாக மாட்டி 3டி உருவம் வரையும் கருவி. பிரவுசரிலேயே ஓடும். இதேபோன்ற இன்னொரு கருவியான டிங்கர்கேடின் கோட்பிளாக்ஸில் கட்டளைகள் மேலிருந்து கீழாக வரிசையாக நடப்பதைப் பார்க்கலாம். சின்னப் பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். ஆனால் எதற்குள் எது இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டிய இதுபோன்ற வேலைக்கு என் ஓட்டு பிளாக்ஸ்கேடுக்குத்தான். பிளாக்குகளை ஓபன்எஸ்கேட் (எழுத்தில் நிரல் எழுதி 3டி உருவம் வரையும் மென்பொருள்) நிரலாகவும் மாற்றித் தரும்.

1. தட்டு. ஒரு சிலிண்டர் எடுங்கள். ஆரம் 55, உயரம் 2. அதைச் சைட்ஸ் (பக்க எண்ணிக்கை) பிளாக்குக்குள் போட்டு 96 கொடுங்கள், விளிம்பு வட்டமாக வரும்.

2. ஒரே ஒரு ஓட்டை. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கும் டிஃபரன்ஸ் பிளாக்கை இழுத்து, மேல் வாயில் தட்டையும் கீழே மைனஸ் வாயில் இன்னொரு சிலிண்டரையும் வையுங்கள். ஆரம் 2, உயரம் 4. உயரத்தை 2 என்று வைத்துவிடாதீர்கள். ஓட்டையின் முகமும் தட்டின் முகமும் ஒரே மட்டத்தில் இருந்தால், வெட்டுவதா விடுவதா என்று மென்பொருள் தடுமாறும். திரையில் மெல்லிய தோல் மாதிரி ஒன்று மினுங்கும். அதனால் இந்தச் சிலிண்டரை, இடம் நகர்த்தும் டிரான்ஸ்லேட்டுக்குள் போட்டு இசட் -1 கொடுங்கள். மேலும் கீழும் 1 மி.மீ. துருத்தி நிற்கும், வெட்டு சுத்தமாக விழும்.

3. ஒரு வளையம். அநேகமாக எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. டிரான்ஸ்லேட், ரொட்டேட் (சுழற்று) இரண்டும் வேண்டும். ஆனால் எது எதற்குள்?

வாசலில் பெரிய வட்டம் போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஆணி அடித்து, நூலை நீட்டிப் பிடித்து, அப்புறம்தான் சுற்றுவோம். முதலில் நீட்டு, பிறகு சுற்று. பிளாக்ஸ்கேட் உள்ளேயிருந்து வெளியே படிக்கும். உள்ளே இருப்பது முதலில் நடக்கும். எனவே சிலிண்டர் டிரான்ஸ்லேட்டுக்குள் (எக்ஸ் 15, இசட் -1), அந்த டிரான்ஸ்லேட் ரொட்டேட்டுக்குள் (இசட்: ஐ × 60), அதெல்லாம் சேர்ந்து, எண்ணி எண்ணித் திரும்பச் செய்யும் கவுண்ட் லூப்புக்குள், அந்த லூப் டிஃபரன்ஸின் மைனஸ் வாய்க்குள். லூப்பின் எண்ணான ஐ 1 முதல் 6 வரை, ஒவ்வொன்றாக.

மாற்றிப் போட்டால் என்ன ஆகும்? ரொட்டேட் உள்ளே போனால் சிலிண்டர் நின்ற இடத்திலேயே ஆறு முறை சுழலும். உருளையைச் சுழற்றினாலும் உருளைதானே! பிறகு ஆறும் எக்ஸ் 15-இல் ஒன்றன்மேல் ஒன்றாகப் போய் உட்காரும். ஆறு ஓட்டை வர வேண்டிய இடத்தில் ஒன்று மட்டும் தெரிகிறதா? லூப்பைச் சந்தேகப்படாதீர்கள், இந்த இரண்டு பிளாக்கையும் இடம் மாற்றுங்கள்.

லூப்பை 0 முதல் 6 வரை ஓட்டினால் ஏழாவது ஓட்டை முதல் ஓட்டையின் மேலேயே விழும். கண்ணுக்குத் தெரியாது, ரெண்டர் (உருவைக் கணக்கிட்டுக் காட்டும்) நேரம்தான் வீண்.

4. மூன்று வளையம். இந்த லூப்புக்கு வெளியே இன்னொரு லூப் மாட்டுங்கள். அதுவும் ஐ என்றே வரும். பெயரைக் கே என்று மாற்றாவிட்டால் கணக்கு குழம்பிவிடும். கே 1 முதல் 3 வரை. உள் லூப்பின் முடிவு 6 × கே, எக்ஸ் தூரம் 15 × கே, கோணம் ஐ × 360 ÷ (6 × கே). ஒரே வளையத்தில் அடுத்தடுத்த ஓட்டைகள் எல்லா வளையத்திலும் ஏறக்குறைய 15 மி.மீ. இடைவெளியில் நிற்கும்.

ஓட்டைக்குச் சைட்ஸ் 16 போதும். 96 போட்டால் 37 ஓட்டைக்கும் சேர்த்து ரெண்டர் இழுக்கும். 6 போட்டாலும் தப்பு: அறுகோணம் வட்டத்துக்கு உள்ளேதான் அமையும், ஆரம் 2 என்பது பக்கவாட்டில் 1.73 ஆகச் சுருங்கும். பிரிண்டில் ஓட்டை எப்படியும் இன்னும் கொஞ்சம் இறுகும். கடையில் வாங்கும் முக்குப்பிண்டி (கோலமாவு) கல்மாவு. சின்ன ஓட்டையிலும் சரசரவென்று இறங்கும். அரிசிமாவு ஈரம் இழுத்து அடைத்துக்கொள்ளும். அதற்கு ஆரம் 2-க்குக் கீழே போக வேண்டாம்.

5. வரம்பு. மாவு சிந்தாமல் இருக்க, ஆரம் 55, உயரம் 8 உள்ள சிலிண்டரிலிருந்து ஆரம் 52 உள்ளதைக் கழித்து, முழுத் தட்டோடு யூனியன் செய்யுங்கள் (ஒன்றாகச் சேருங்கள்). இங்கேயும் கழிக்கும் சிலிண்டர் மேலும் கீழும் துருத்த வேண்டும்.

ரெண்டர் அழுத்தி, 3டி அச்சுக்கான எஸ்டிஎல் கோப்பாக இறக்குங்கள். எஸ்டிஎல்லில் அலகு கிடையாது, உருவை அச்சு அடுக்குகளாகப் பிரிக்கும் ஸ்லைசர் மென்பொருள் மி.மீ. என்று எடுத்துக்கொள்ளும். 0.2 மி.மீ. அடுக்கில் தட்டின் கனம் பத்தே அடுக்கு, சப்போர்ட் தேவையில்லை. பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் அச்சிட்டால் சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் விட்டுவிடாதீர்கள். 60 டிகிரி வாக்கில் இளகி வளைந்துவிடும்.

பின்சேர்க்கை 1: ஓட்டைகளுக்குப் பதிலாக நடுவில் ஒரே பெரிய ஓட்டை விழுந்தால், லூப் பிளாக்கில் ஹல் பெட்டி டிக் ஆகியிருக்கும். ஹல் எல்லாச் சிலிண்டரையும் சேர்த்துத் தோல் போர்த்தி ஒரே கட்டியாக்கிவிடும். டிக்கை எடுங்கள்.

பின்சேர்க்கை 2: வளையத்தில் வைத்த புள்ளி சிக்குக் கோலத்துக்கு ஆகாது. 7 புள்ளி, 4 வரை இடுக்குப்புள்ளி வேண்டுமென்றால் ரொட்டேட்டையே எடுத்துவிடுங்கள். கே -3 முதல் 3 வரை; ஐ 0 முதல் 6 - |கே| வரை; எக்ஸ் = (ஐ - (6 - |கே|) ÷ 2) × 15; ஒய் = கே × 13. நேர்க்கோடுகள் அப்சல்யூட்டைக் குறிக்கின்றன, அது மேத் பகுதியில் இருக்கும். இதிலும் 37 புள்ளிதான், அதே தட்டிலேயே அடங்கும். ஆனால் நடு ஓட்டை இதற்குள்ளேயே வந்துவிடுவதால், 2-ஆம் படியில் போட்ட தனி ஓட்டையை நீக்கிவிடலாம்.