ஈயின் நிறம் மாறினால் மரபணு கெட்டுப்போச்சு என்று அர்த்தமில்லை

நெருங்கிய உறவுள்ள இரண்டு இனங்கள், ஒன்று கறுப்பு, இன்னொன்று மஞ்சள். இதைப் பார்த்ததும் பலர் "நிறத்துக்கான மரபணு பழுதாகியிருக்கும்" என்று முடித்துவிடுகிறார்கள். அது எவ்வளவு அவசரமான முடிவு என்பதற்குப் பழ ஈக்களே போதும்.

ஆப்பிரிக்காவின் மேற்குக் கடலில் உள்ள சாவோ டோமே தீவில் ட்ரோசோபிலா சாண்டோமியா என்ற ஈ இருக்கிறது. 2000-இல்தான் தனி இனமாக விவரிக்கப்பட்டது. இதன் உறவுக்கார இனமான யாகுபாவில் ஆண் ஈயின் வயிற்றுப் பின்பகுதி கறுத்திருக்கும், சாண்டோமியாவுக்கு அங்கேயும் மஞ்சள்தான். இதில் முக்கியப் பங்கு 'டேன்' என்ற மரபணுவுக்கு. ஆனால் அது தரும் நொதி சாண்டோமியாவில் நன்றாகவே இருக்கிறது! போனது நொதி இல்லை, வயிற்றில் அந்த மரபணுவை இயக்கிவைக்கும் டிஎன்ஏ துண்டு, அதாவது ஒரு சுவிட்ச். அதுவும் ஒரே பிறழ்வால் (டிஎன்ஏ மாற்றத்தால்) போகவில்லை, அந்த ஒரே தீவின் ஈக்களுக்குள்ளேயே வெவ்வேறு பிறழ்வுகள் தனித்தனியாக அதைச் செயலிழக்கச் செய்திருக்கின்றன. மரபணு முழுதாகவே கெட்டிருந்தால் கண்ணும் பாதிக்கப்பட்டிருக்கும், ஏனென்றால் டேன் பார்வைக்கும் தேவை. ஆகவே நொதிப் புரதத்தின் வரிசையை மட்டும் ஒப்பிட்டுவிட்டு "வித்தியாசம் இல்லை, இந்த மரபணு காரணமில்லை" என்று ஒதுக்குவதும் தவறுதான்.

ஓர் இனத்தில் கண்டதை அப்படியே இன்னொன்றுக்குப் பொருத்துவது அடுத்த தவறு. அரிசோனாவின் பினகாடே எரிமலைப் பாறைகளில் வாழும் பாறை எலிகள் கறுத்ததற்கு, முடியின் நிறமியைக் கட்டுப்படுத்தும் எம்சி1ஆர் மரபணுவில் வந்த மாற்றங்களே காரணம். நியூ மெக்சிகோவின் எரிமலைப் பாறைகளிலும் அதே இன எலிகள் அதே மாதிரி கறுப்புதான், ஆனால் அங்கே எம்சி1ஆருக்குச் சம்பந்தமில்லை என்று 2003-இல் தெரியவந்தது. ஒரே இனத்துக்குள்ளேயே இப்படி என்றால் இரண்டு இனங்களுக்கு நடுவே என்ன உத்தரவாதம்?

சரி, எந்த மரபணு என்று எப்படித்தான் உறுதி செய்வது? இங்கேதான் படித்தவர்களே வழுக்குகிறார்கள். அமெரிக்காவில் அமெரிக்கானா என்ற கரும்பழுப்பு ஈயும், தென்மேற்கு வறண்ட பகுதியில் நோவாமெக்சிகானா என்ற மஞ்சள் ஈயும் இருக்கின்றன. இரண்டும் கலந்தால் கலப்பின ஈக்கள் பிறக்கும், அவற்றுக்கும் சந்ததி உண்டு, ஆராய்ச்சிக்கு அதிர்ஷ்டம். அந்தக் கலப்பு வழியாகத் தேடியபோது நிற வேறுபாட்டின் பெரும்பகுதி குரோமோசோம்களின் இரண்டு இடங்களில் நின்றது. ஒன்றில் டேன், இன்னொன்றில் எபனி. எபனி டோபமினை மஞ்சள் நிறமிக்கான பொருளாக மாற்றுகிறது, டேன் அதைத் திரும்ப டோபமினாக்கிக் கறுப்புப் பக்கம் தள்ளுகிறது. கேட்கவே பொருத்தமான ஜோடி, இல்லையா? ஆனால் எபனி இருக்கும் பகுதி குரோமோசோமில் தலைகீழாகத் திரும்பிக் கிடப்பதால் கலப்பில் அது துண்டாகப் பிரிவதில்லை, பக்கத்து மரபணுக்கள் எல்லாம் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். அதனால் 'பகுதி தெரியும்' என்பது 'மரபணு தெரியும்' ஆகாது. மரபணுவை வெட்டித் திருத்தும் க்ரிஸ்பர் முறை மூலம் இரண்டு இனங்களிலும் எபனியை முடக்கி, கலப்பின ஈயில் ஒரு சமயம் இந்த இனத்தின் பிரதி மட்டும், இன்னொரு சமயம் அந்த இனத்தின் பிரதி மட்டும் வேலை செய்யும்படி வைத்துப் பார்த்த பிறகுதான் 2020-இல் விஷயம் உறுதியானது.

இனம் பிரிந்த பிறகுதான் நிறப் பிறழ்வு வந்திருக்கும் என்று நினைப்பதும் ஆபத்து. நோவாமெக்சிகானாவின் வெளிர் நிறத்தோடு தொடர்புள்ள டேன், எபனி வடிவங்கள் சில அமெரிக்கானா ஈக்களிலும் கிடைத்திருக்கின்றன.

கடைசியாக, "வறண்ட இடம், அதனால் இந்த நிறம்" என்று கதை கட்டுவது. கறுத்த தோல் உடலின் ஈரத்தைக் காக்கும் என்று ஒரு பிரபலமான கருத்து உண்டு. ஆனால் வறண்ட நிலத்து நோவாமெக்சிகானா மஞ்சள், ஈரமான மலைக்காட்டுச் சாண்டோமியாவும் மஞ்சள். போதாததற்கு, எபனி உடலின் மேலுள்ள மெழுகுப் பூச்சையும் பாதிக்கிறது. இயற்கைத் தேர்வுக்கு உள்ளானது அந்த மெழுகாகவும் நிறம் அதன் பக்கவிளைவாகவும் இருக்கலாம். மரபணுவைக் கண்டுபிடித்தாலும் இதற்குப் பதில் கிடைக்காது, எந்த ஈ எந்தச் சூழலில் பிழைக்கிறது என்று தனியாக அளந்துதான் ஆகவேண்டும்.