எ, ஆன், தி: எதை எங்கே போடுவது?

ஆங்கிலம் ஓரளவு சரளமாக வந்த பிறகும் தடுமாற வைப்பவை 'எ', 'ஆன்', 'தி' என்ற மூன்று ஆர்ட்டிகிள்கள். தமிழில் 'அவர் ஆசிரியர்' என்றாலே வாக்கியம் முடிந்துவிடும். ஆங்கிலத்தில் 'ஹீ இஸ் டீச்சர்' என்றால் குறை. 'ஹீ இஸ் எ டீச்சர்' என்றுதான் வர வேண்டும்.

விதிகளைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யாதீர்கள். பெயர்ச்சொல் வரும்போதெல்லாம் கீழே உள்ள கேள்விகளை இதே வரிசையில் கேட்டுப் பாருங்கள். ஒரு விஷயம் மட்டும் முன்கூட்டியே: 'மை', 'ஹிஸ்', 'திஸ்' போன்ற சொல் ஏற்கெனவே முன்னால் இருந்தால் ஆர்ட்டிகிள் வேண்டாம். 'தி மை புக்' என்று ஒருபோதும் வராது.

படி 1: எதைச் சொல்கிறோம் என்று கேட்பவருக்குத் தெரியுமா?

தெரியும் என்றால் 'தி'. அந்தச் சொல் ஒருமையா, பன்மையா, எண்ண முடிந்ததா என்றெல்லாம் பார்க்கவே வேண்டாம். இங்கே கவனிக்க வேண்டியது, தெரிந்திருக்க வேண்டியவர் கேட்பவர் என்பதுதான். 'ஐ பாட் எ பைக்' என்று சொல்லும்போது எந்த பைக் என்று எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் உங்களுக்குத் தெரியாது, அதனால் 'எ'. அடுத்த வாக்கியத்தில் 'தி பைக் இஸ் ரெட்' என்பேன். இப்போது உங்களுக்கும் தெரிந்துவிட்டது.

முதல் தடவை சொல்லும்போதே 'தி' வரும் இடங்களும் உண்டு. அறையில் ஒரே கதவு இருந்தால் 'க்ளோஸ் தி டோர்'. எல்லோருக்கும் பொதுவாக ஒன்றுதான் என்றால் 'தி சன்', 'தி மூன்'. பின்னால் வரும் சொற்களே அடையாளம் காட்டினால் 'தி புக் யூ கேவ் மீ'. 'பெஸ்ட்', 'ஃபர்ஸ்ட்' போன்றவற்றுக்கு முன்னாலும் பெரும்பாலும் 'தி'தான். ஒரு காரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டால் அதன் இன்ஜினை முதன்முறை சொல்லும்போதே 'தி இன்ஜின்' எனலாம். காருக்கு இன்ஜின் இருப்பது யாருக்கும் தெரியும்.

படி 2: தெரியாது என்றால், எண்ண முடியுமா?

எண்ண முடிந்து, ஒன்றே ஒன்று என்றால் 'எ' அல்லது 'ஆன்'. பன்மை என்றாலோ, எண்ண முடியாதது என்றாலோ ஆர்ட்டிகிளே வேண்டாம்.

இதில் நம்மை ஏமாற்றும் சொற்கள் சில உண்டு. 'அட்வைஸ்', 'இன்ஃபர்மேஷன்', 'ஃபர்னிச்சர்', 'நியூஸ்', 'லக்கேஜ்' எல்லாம் ஆங்கிலத்தில் எண்ண முடியாதவை. 'ஆன் அட்வைஸ்' தவறு. 'எ பீஸ் ஆஃப் அட்வைஸ்' சரி.

பொதுவாக ஒன்றைப் பற்றிப் பேசும்போது பலர் 'தி' சேர்த்துவிடுகிறார்கள். 'ஐ லவ் தி நேச்சர்' வேண்டாம், 'ஐ லவ் நேச்சர்' போதும். 'டாக்ஸ் ஆர் லாயல்' என்றால் நாய் இனமே நன்றியுள்ளது. 'தி டாக்ஸ் ஆர் ஹங்ரி' என்றால் நமக்குத் தெரிந்த அந்த நாய்கள் மட்டும் பசியோடு இருக்கின்றன.

படி 3: எ-வா, ஆன்-ஆ?

எழுத்தைப் பார்க்காதீர்கள், வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அடுத்து வரும் ஒலி உயிர் ஒலி என்றால் 'ஆன்'. 'ஆனஸ்ட்' என்ற சொல் எழுத்தில் எச்-இல் தொடங்கினாலும் ஒலி 'ஆ'. எனவே 'ஆன் ஆனஸ்ட் மேன்'. 'யுனிவர்சிட்டி' யூ என்ற உயிரெழுத்தில் தொடங்கினாலும் முதல் ஒலி யகரம். எனவே 'எ யுனிவர்சிட்டி'. 'எம்பிஏ' என்பதன் முதல் ஒலி 'எ' என்பதால் 'ஆன் எம்பிஏ'.

படி 4: பெயர்கள்

ஆள், ஊர், பெரும்பாலான நாடுகளின் பெயர்களுக்கு ஆர்ட்டிகிள் இல்லை. 'தி யுனைடெட் ஸ்டேட்ஸ்', 'தி நெதர்லாந்ஸ்' விதிவிலக்கு. ஆறு, கடல், மலைத்தொடருக்கு 'தி' உண்டு: 'தி நைல்', 'தி பசிபிக்', 'தி ஹிமாலயாஸ்'. தனி மலைக்கும் ஏரிக்கும் பொதுவாக இல்லை: 'மவுண்ட் எவரெஸ்ட்', 'லேக் விக்டோரியா'. இந்தப் படிக்கு மட்டும் பழக்கம்தான் வழி.

சரி, இப்போது நீங்களே நிரப்பிப் பாருங்கள்:

'ஐ நீட் ___ அம்ப்ரெல்லா.'
'ஐ லைக் ___ மியூசிக், பட் ___ மியூசிக் இன் திஸ் ஃபிலிம் இஸ் டூ லவுட்.'

முதல் வாக்கியத்தில் 'ஆன்': ஏதோ ஒரு குடை, தொடக்கம் உயிர் ஒலி. இரண்டாவதில் முதல் இடம் காலி, ஏனென்றால் அது பொதுவாக இசை. அடுத்த இடத்தில் 'தி': எந்த இசை என்பதை 'இன் திஸ் ஃபிலிம்' காட்டிவிடுகிறது.