தூசு ஒவ்வாமையைச் சமாளிப்பது எப்படி?

கண் விழித்ததும் பத்துப் பன்னிரண்டு தும்மல், மூக்கொழுகல், கண்ணரிப்பு. வெளியே கிளம்பியபின் எல்லாம் அடங்கிவிடும். இரண்டு ஆண்டுகளாக இதைச் சளி என்றே எண்ணியிருந்தேன். காய்ச்சலின்றி, மாதக்கணக்கில் நீடித்து, அரிப்பும் சேர்ந்துகொண்டால் அது ஒவ்வாமையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

முதலில், காரணத்தைக் கண்டறியுங்கள். தோலில் மெல்லக் குத்திச் செய்யும் பரிசோதனையின் முடிவு 15 முதல் 20 நிமிடங்களில் தெரிந்துவிடும். ஒவ்வாமையை அடக்கும் ஆன்டிஹிஸ்டமின் மாத்திரை போட்டுக்கொண்டு போனால், குத்திய இடத்தில் ஒவ்வாமையைக் காட்டும் தடிப்பே எழாது. எத்தனை நாள் முன்னதாக நிறுத்துவது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து, படுக்கை. நாம் உதிர்க்கும் தோல் துகள்களைத் தின்று வாழும் தூசு உண்ணிகள் மெத்தையிலும் தலையணையிலும் பெருகுகின்றன. அவற்றின் எச்சத்தில் உள்ள புரதமே நம்மைத் தும்மவைக்கிறது. விரிப்புகளை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். குளிர்ந்த நீரில் துவைத்தால் உண்ணிகள் சாவதில்லை. காற்றின் ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்கும் கீழே இருப்பது நல்லது. காற்றுச் சுத்திகரிப்பான் வாங்கும் பணத்தில், நெருக்கமாக நெய்த மெத்தை உறையை வாங்குங்கள் என்பேன். உண்ணியின் எச்சம் கனமானது, காற்றில் நெடுநேரம் மிதக்காமல் படிந்துவிடும்.

மூன்றாவது, மூக்கு ஸ்பிரே. நான் தவறியது இங்கேதான். ஸ்டீராய்டு ஸ்பிரேயை நேராக மேல்நோக்கி அடித்து, மருந்து தொண்டைக்குள் இறங்கும்படி பலமாக உறிஞ்சினேன்; மூக்கின் நடுச்சுவர் புண்ணாகி இரத்தம் கசிந்தது, பலனில்லை என்று நான்காம் நாளே நிறுத்தியும் விட்டேன். தலையைச் சற்றே முன்னால் குனியுங்கள். இடது துளைக்கு வலது கையையும், வலது துளைக்கு இடது கையையும் பயன்படுத்துங்கள். குழலின் முனை தானாகவே நடுச்சுவரை விட்டு விலகி, அந்தப் பக்கத்துக் காதை நோக்கித் திரும்பும். அடித்தபின் மெதுவாக மூச்சிழுத்தால் போதும். முழுப் பலன் தெரிய இரண்டு வாரம்கூட ஆகலாம் என்பதால் நாள்தோறும் விடாமல் அடிக்க வேண்டும். மூக்கடைப்பை உடனே திறக்கும் சொட்டு மருந்து வேறு வகை; அதைச் சில நாள்களுக்கு மேல் தொடர்ந்தால் அடைப்பு முன்னிலும் மோசமாகும்.

பின்சேர்க்கை: உப்புநீரால் மூக்கைக் கழுவுவது பற்றி வாசகர்கள் பலர் கேட்டிருந்தீர்கள். ஸ்பிரேக்கு முன் கழுவுவது நல்லதே. ஆனால் கொதிக்கவைத்து ஆறிய நீரையோ காய்ச்சி வடித்த நீரையோ மட்டுமே எடுங்கள், ஏனெனில் குழாய் நீரில் உள்ள நுண்ணுயிர்கள் மூக்கின் வழியே உள்ளே சென்றால் அரிதாக உயிருக்கே ஆபத்தாகலாம். மூச்சிரைப்போ நெஞ்சில் இறுக்கமோ இருப்பதாக எழுதிய இருவரும் இவற்றையெல்லாம் முயன்று பார்த்துக்கொண்டிராமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.