777ஐ எத்தனை தடவை எண்ணினீர்கள்?

திருகோணமலை உவர்மலையில் பின்னேரங்களில் உயர்தரப் பிள்ளைகளுக்கு இணைந்த கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். வரிசைமாற்றமும் (ஒழுங்கு பார்த்து அடுக்குவது) சேர்மானமும் (ஒழுங்கு பாராமல் தெரிவது) தொடங்கினால் போதும், இருபது வயதில் நான் விட்ட அதே பிழை யாராவது ஒரு பிள்ளையின் கொப்பியில் வந்து நிற்கும். சூத்திரத்தை மாறிப் போடுவது, பெருக்கலில் பிசகுவது எல்லாம் பழகப் பழகத் திருந்திவிடும். அவற்றை விடுகிறேன்.

ஆகக் குறைந்தது ஒன்று

அப்போது எங்கள் வாசிகசாலைக்குப் புத்தகம் வாங்க, 100 முதல் 999 வரை இலக்கமிட்ட 900 சீட்டுகள் அடித்தோம். சீட்டின் இலக்கத்தில் எங்காவது ஒரு 7 இருந்தால் ஒரு கொப்பி பரிசு. எத்தனை கொப்பி வாங்க வேண்டும் என்று, கணிதம் படிக்கிறவன் என்பதால் என்னிடம் கேட்டார்கள்.

நூறாமிடத்தில் 7 என்றால் மற்ற இரண்டு இடங்களுக்கும் 10 × 10, ஆக 100. பத்தாமிடத்தில் 7 என்றால், நூறாமிடத்தில் பூச்சியம் வராது, ஆகவே 9 × 10 = 90. ஒன்றாமிடத்திலும் அப்படியே 90. மொத்தம் 280 என்றேன். நோட்டீசிலும் "280 பரிசுகள்" என்று அடித்தாயிற்று.

சீட்டு முழுவதும் விற்றது. 7 உள்ள சீட்டுக்காரர் எல்லாரும் வந்து வாங்கிப் போன பிறகும் மேசையில் 28 கொப்பிகள் கிடந்தன. நோட்டீசும் கையுமாக ஓர் அக்கா வந்தார். "தம்பி, 280 எண்டுதானே போட்டிருக்கிறீங்கள்? மிச்சம் ஆருக்குக் குடுக்கப் போறீங்கள்?" அது ஊர்க்காசு. எனக்குப் பதில் வரவில்லை.

அன்றிரவு உட்கார்ந்து எண்களை எழுதிப் பார்த்தேன். 177ஐ எடுங்கள். பத்தாமிடத்து 90க்குள் அது இருக்கிறது, ஒன்றாமிடத்து 90க்குள்ளும் இருக்கிறது. இப்படிச் சரியாக இரண்டு ஏழுகள் உள்ள எண்கள் 26. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை எண்ணியிருந்தேன். 777ஐ மூன்று தடவை. கூடிப்போனது 26 + 2 = 28, மேசையில் கிடந்த அதே 28.

280 என்பது வேறொரு கேள்விக்குச் சரியான விடை: 100 முதல் 999 வரை எழுதினால் 7 என்ற இலக்கத்தை எத்தனை தடவை எழுதுவோம்? சீட்டை எண்ணச் சொன்னார்கள், நான் ஏழுகளை எண்ணிவிட்டேன். ஒவ்வொரு வரியும் சரியாகவே இருப்பதால் இந்தப் பிழை கண்ணில் படாது. அதுதான் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்.

7 இல்லாதவற்றை எண்ணிக் கழியுங்கள். நூறாமிடத்துக்கு 0, 7 தவிர்ந்த 8 இலக்கங்கள், மற்ற இரண்டு இடங்களுக்கும் 7 தவிர்ந்த 9 இலக்கங்கள்: 8 × 9 × 9 = 648. 900 − 648 = 252. நான்கிலக்க எண்களுக்கு 8 × 9 × 9 × 9 = 5832, ஆகவே 9000 − 5832 = 3168.

போன கிழமை ஒரு பிள்ளை இதற்கு 3700 என்று எழுதி அடியில் இரண்டு கோடும் போட்டிருந்தாள். "சரி, 7 வருகிற ஈரிலக்க எண்களை எழுது" என்றேன். 70 முதல் 79 வரை பத்து. அப்புறம் 17, 27 என்று இறங்கினாள். 77 வந்ததும் பென்சில் நின்றுவிட்டது.

முதற் பூச்சியம்

எங்கள் ஊர்த் தொலைபேசி இலக்கம் 026 என்று தொடங்கும். அங்கே பூச்சியம் முன்னுக்கு நிற்கலாம். வங்கி அட்டையின் நான்கிலக்க இரகசிய இலக்கத்திலும் நிற்கலாம், அதனால் 7 உள்ளவை 10000 − 6561 = 3439. "நான்கிலக்க எண்" என்று கேட்டால் 0267 செல்லாது. கேள்வியில் எது என்று பார்த்துவிட்டுப் பேனாவை எடுங்கள்.

கட்டுப்பாடு உள்ள இடம்

நூறாமிடத்தில் பூச்சியம் வராது என்பதுபோல ஓரிடத்துக்குக் கட்டுப்பாடு இருந்தால், அதை முதலில் நிரப்புங்கள்.

"வரிசை" என்றதும் வரிசைமாற்றம்

7531 போல, இலக்கங்கள் இறங்குவரிசையில் உள்ள நான்கிலக்க எண்கள் எத்தனை? பத்து இலக்கங்களில் நான்கைத் தெரிந்தாலே போதும், அடுக்க ஒரே வழிதான் உண்டு. ஆகவே சேர்மானம், விடை 210. ஏறுவரிசை என்றால் பூச்சியம் முன்னுக்கு வந்துவிடும். ஒன்பதில் நான்கு, 126. குறைந்த 84 எண்களும் 7530 போலப் பூச்சியத்தில் முடிகிறவை.