மலையிலிருந்து இறங்கியதும் தோட்டா டப்பாவைத் திறக்காதீர்கள்

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்குச் சுடும் பயிற்சிக்கு இறங்கி வருபவர்கள், பாயின்ட் 22 (0.22 அங்குல அளவு) தோட்டாக்களைக் காற்றுப் புகாத டப்பாவில் கொண்டுவாருங்கள், வந்தவுடனே திறக்காமல் டப்பாவைத் தொட்டால் சில்லிப்பு தெரியாத வரை அப்படியே விடுங்கள்.

மார்கழிக் காலையில் மேலே ஜில்லென்று இருந்த தோட்டாவின் பித்தளைக் கூடு, 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கிக் கீழே வெதுவெதுப்பான காற்று பட்டதும் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சொம்பு மாதிரி வேர்த்துவிடும். இந்த ரகத்தில் பற்றவைக்கும் மருந்து கூட்டின் அடி விளிம்பிலேயே இருக்கிறது, ஈயக் குண்டு கூட்டோடு சேரும் இடமும் அவ்வளவு இறுக்கமில்லை. ஈரம் உள்ளே போனால் வெடிக்காமல் போகலாம், அதைவிட மோசம், அரைகுறையாக வெடித்துக் குண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிடலாம். சத்தம் வழக்கத்தைவிடச் சன்னமாகக் கேட்டால் அடுத்த தோட்டாவைப் போடவே போடாதீர்கள். வெறும் 'டிக்' மட்டும் கேட்டால், குழலை இலக்கை விட்டுத் திருப்பாமல் 30 விநாடியாவது காத்திருங்கள், தாமதமாக வெடிப்பதும் உண்டு.

ஏர் ரைபிள் பெல்லட்டுக்கு இதெல்லாம் வேண்டாம், அதில் வெடிமருந்தே கிடையாது. அப்புறம், ஏற்கெனவே நனைந்துபோன தோட்டாவுக்கும் இது உதவாது. வெயிலில் காயவைக்காமல் தனியாக எடுத்து, சுடும் இடத்தை மேற்பார்க்கும் ரேஞ்ச் ஆபீசரிடம் கொடுத்துவிடுங்கள்.